கடைமடை வீட்டுக்கும் எட்டும் வேகம்: ஊராட்சிக்கு இணைய இலக்கு எழுதும் முறை

ஒரு கிராம ஊராட்சிக்கு எவ்வளவு இணைய வேகம் தேவை என்று கேட்டால், பெரும்பாலும் ஒற்றை எண்தான் பதிலாக வருகிறது: 1 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 1,000 மெகாபிட். ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் ஒன்றிய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் அந்த வேகத்தில் இணைப்புக் கொண்டுசேர்ப்பதைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமான டான்ஃபிநெட் தன் பணியாக ஏற்றுக்கொண்டது. எண் பெரியதுதான், ஆனால் அது ஊராட்சி அளவில் நிறுவப்படும் கருவிக்குரிய எண். அந்தக் கருவியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குக்கிராமத்தில், இரவு எட்டரை மணிக்கு, பாடம் கேட்க உட்காரும் மாணவிக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வாய்க்கால் பாசனத்தில் மதகைத் திறந்தபோது எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பார்த்து யாரும் நிறைவடைவதில்லை. கடைமடை வயல் நனைந்ததா என்றுதான் பார்க்கிறோம். இணைய வேக இலக்கையும் அந்தக் கண்ணோடுதான் எழுத வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை வீடுகளுக்கு என்ற மூன்றும் இல்லாத வேகம் இலக்கு ஆகாது. ஊராட்சித் தலைவர்கள், ஊராட்சிச் செயலர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், ஊரில் கணினி தெரிந்த இளைஞர்கள் ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் ஊருக்கான இலக்கைத் தாங்களே எழுதிக்கொள்வதற்கான வழிமுறையை இங்கே விளக்குகிறேன்.

சட்டத்தின் எண்ணும் நம் எண்ணும்

முதலில், ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் 2004-இல் வெளியான அகலக்கற்றைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று ஏற்றது. 2013-இல் அது 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. இந்த வரையறையில் இரண்டு குறைகளைக் கவனிக்க வேண்டும். அது பதிவிறக்க வேகத்தை மட்டும் பேசுகிறது. பதிவேற்றத்தைப் பற்றி ஒன்றுமில்லை. மேலும், அது ஒரு சேவையைப் பிராட்பேண்ட் என்று அழைப்பதற்கான கீழ்வரம்பே தவிர, ஒரு குடும்பம் சிரமமின்றிப் பயன்படுத்துவதற்கான அளவு அன்று. 2018-ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 மெகாபிட் என்று இலக்கு வைத்தது. அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2015-இல் 25 மெகாபிட் பதிவிறக்கம், 3 மெகாபிட் பதிவேற்றம் என்று வைத்திருந்த அளவை 2024 மார்ச்சில் 100-க்கு 20 என உயர்த்தியது.

இவற்றையெல்லாம்விட நமக்குப் பாடமாக அமைவது பிரிட்டனின் பொதுச் சேவைக் கடப்பாடு என்பேன். 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டின் வேகம் ஒன்றும் பெரிதல்ல. 10 மெகாபிட் பதிவிறக்கம், 1 மெகாபிட் பதிவேற்றம், அவ்வளவுதான். ஆனால் அதோடு, தாமதம் (கேள்வி போய்ப் பதில் வர ஆகும் நேரம்) 200 மில்லி நொடியைத் தாண்டக் கூடாது, ஓர் இணைப்பின் கொள்ளளவை ஐம்பது பேருக்கு மேல் பகிரக் கூடாது, மாதத்துக்குக் குறைந்தது 100 ஜிபி தரவு கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் எழுதப்பட்டுள்ளன. அதாவது, வேகத்தைச் சொல்லிவிட்டு மற்றவற்றில் ஏமாற்றுவதற்கு இடம் விடாத வகையில் அந்த இலக்கு எழுதப்பட்டிருக்கிறது. நம் ஊராட்சி எழுதப்போகும் தீர்மானத்துக்கும் இந்த வடிவமே ஏற்றது.

வீட்டின் தேவையைக் கணக்கிடுதல்

எண்ணைக் கொள்கை ஆவணத்திலிருந்து எடுப்பதற்குப் பதிலாக, வீட்டிலிருந்து தொடங்குங்கள். குக்கிராமம் ஒன்றுக்கு ஐந்தாறு வீடுகளுக்குச் சென்று, மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை அங்கே ஒரே நேரத்தில் என்னென்ன நடக்கின்றன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் முழு எச்டி தரத்தில் படம் ஓடினால் ஏறக்குறைய 5 மெகாபிட். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுடன் பேசும் வீடியோ அழைப்புக்கு ஒன்றரை. மகளின் இணைய வகுப்புக்கு இரண்டு. மற்ற இரண்டு கைபேசிகளுக்கு இரண்டு அல்லது மூன்று. கூட்டினால் 11 மெகாபிட்டை ஒட்டி வரும். கைபேசி மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் நேரத்தையும், அடுத்த சில ஆண்டுகளில் கூடும் தேவையையும் கருதி, அதை இருமடங்காக்கிக் கொள்வது முறை. ஆகவே, இன்றைய நிலையில் ஒரு கிராமத்து வீட்டுக்கு 25 மெகாபிட் என்பதை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. அதைவிடக் குறைத்து எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பதிவேற்றத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். கிராமத்தினர் இணையத்தில் பார்ப்பவர்கள் மட்டுமே, எதையும் அனுப்புபவர்கள் அல்லர் என்ற எண்ணம் பல திட்ட ஆவணங்களில் சொல்லாமலே ஒளிந்திருக்கிறது. உண்மை வேறு. வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்யும் பெண் 60 மெகாபைட் அளவுள்ள ஒரு வீடியோவை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட் என்பது எட்டு பிட். எனவே அந்த வீடியோ 480 மெகாபிட். பதிவேற்ற வேகம் 1 மெகாபிட் என்றால் எட்டு நிமிடம் ஆகும். 10 மெகாபிட் என்றால் 48 நொடியில் முடிந்துவிடும். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கோ சாதிச் சான்றுக்கோ விண்ணப்பிக்கும்போது ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியிருக்கிறது. பாதி ஏறி நின்றுவிட்டால், வரிசையில் நிற்பவரின் அன்றைய கூலி போய்விடும். கிராமச் சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளின் விவரங்களைப் பிக்மி தளத்தில் பதிவதும், நோயாளி இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை வழியாக மருத்துவரிடம் முகம் காட்டிப் பேசுவதும் பதிவேற்ற வேகத்தை நம்பியே இருக்கின்றன. வீட்டுக்கு 5 மெகாபிட்டுக்குக் குறையாமலும், பள்ளி, துணைச் சுகாதார நிலையம், இ-சேவை மையம் ஆகியவற்றுக்குப் பதிவிறக்கமும் பதிவேற்றமும் சமமாகவும் இருக்கும்படி எழுதுங்கள்.

பள்ளிக்கான எண்ணைக் கணினிகளின் எண்ணிக்கையிலிருந்து பெறலாம். இருபது கணினிகளில் ஒரே சமயத்தில் காணொளிப் பாடம் ஓட வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் 3 மெகாபிட் வீதம் 60 மெகாபிட் தேவை. 100 என்று எழுதினால் போதுமானதாக இருக்கும்.

ஊருக்கு வரும் குழாயின் அகலம்

வீட்டு எண்ணை எழுதிய பிறகு, அதை ஊர் முழுவதற்கும் தாங்கக்கூடிய கொள்ளளவு ஊராட்சிக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் பெரும்பாலானோர் போடுவதே இல்லை; மாலை நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேகம் இறங்குவதற்கான காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

ஓர் ஊராட்சியில் நான்கு குக்கிராமங்களும் 600 வீடுகளும் இருப்பதாகக் கொள்வோம். முதல் ஆண்டில் 240 வீடுகள் இணைப்பு எடுக்கின்றன. எல்லா வீடுகளும் ஒரே நொடியில் 25 மெகாபிட்டை இழுப்பதில்லை. ஒரு வீட்டில் படம் ஓடும்போது இன்னொரு வீட்டில் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார்கள், வேறொரு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் நெரிசல் நேரத்தில் வீட்டுக்குச் சராசரியாக 2.5 மெகாபிட் என்று திட்டமிடுவோம். 240 வீடுகளுக்கு 600 மெகாபிட் வேண்டும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பு இதைத் தாங்கும். அடுத்த மூன்று ஆண்டுகளில் இணைப்புகள் 420 ஆகி, சராசரிப் பயன்பாடு 4 மெகாபிட்டுக்கு ஏறினால், 1,680 மெகாபிட் தேவைப்படும். அப்போது அதே 1 ஜிபிபிஎஸ் திணறும். இதையே பழைய திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாரத்நெட்டின் முன்னோடியான தேசியக் கண்ணாடி இழை வலையமைப்புக்கு 2011-இல் ஒப்புதல் தரப்பட்டபோது ஊராட்சிக்கு வைக்கப்பட்ட இலக்கு 100 மெகாபிட். அதை 240 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு அரை மெகாபிட்கூட மிஞ்சாது. ஊராட்சி அலுவலகத்துக்கு இணைப்புத் தருவதற்கு அந்த எண் போதும், ஊருக்குப் போதாது.

ஆகவே இலக்கில் கட்டாயமாகச் சேர்க்க வேண்டிய ஒரு வரி உண்டு: நெரிசல் நேரப் பயன்பாடு, ஊராட்சிக்கு வரும் கொள்ளளவில் 70 விழுக்காட்டைத் தொடர்ந்து தாண்டினால், குறிப்பிட்ட மாதங்களுக்குள் கொள்ளளவை உயர்த்த வேண்டும். இணைப்பு நிரம்பிய பிறகு புகார் செய்யத் தொடங்கினால், தீர்வு வருவதற்குள் மக்கள் இணைப்பையே துண்டித்திருப்பார்கள்.

ஊருக்குள் வரும் கேபிளிலும் இதே கேள்வி இருக்கிறது. வீடுகளுக்குக் கண்ணாடி இழை தரும் நிறுவனங்களில் பல ஜிபான் என்ற தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒரு போர்ட்டுக்குப் பதிவிறக்கத்தில் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸும் பதிவேற்றத்தில் அதில் பாதியும் கிடைக்கும். கம்பத்தில் தொங்கும் ஸ்ப்ளிட்டர்கள் அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். 32 வீடுகள் என்றால், எல்லோரும் ஒருசேரப் பயன்படுத்தினாலும் வீட்டுக்கு 77 மெகாபிட் நிற்கும். 64 என்றால் 38. எனவே ஆபரேட்டரிடம் ஒரு போர்ட்டில் எத்தனை வீடுகளைச் சேர்க்கிறார், அந்தப் போர்ட்டுகளைக் கொண்ட ஓஎல்டி என்ற கருவிக்குப் பின்னால் எவ்வளவு கொள்ளளவு வாங்கி வைத்திருக்கிறார் என்ற இரண்டையும் கேளுங்கள். முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்குத் தயக்கம் வந்தால், சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

யாருடைய வீடு கடைசி வீடு?

கேபிள் பெரும்பாலும் தார்ச்சாலையை ஒட்டியே வருகிறது. சாலையோரத்து வீடுகளுக்கு முதலில் இணைப்புக் கிடைக்கும்; ஊருக்கு வெளியே தள்ளி அமைக்கப்பட்ட ஆதிதிராவிடர் குடியிருப்பும், மலையடிவாரத்து இருளர் குடியிருப்பும், வயல்வெளியில் தனித்து நிற்கும் வீடுகளும் கடைசிக்குப் போய்விடும், அல்லது விடுபட்டே போகும். ஊராட்சி முழுமைக்குமான சராசரி வேகத்தை இலக்காக வைத்தால், இந்த விடுபடல் கணக்கில் தெரியவே தெரியாது. நூறு மெகாபிட் பெறும் இருபது வீடுகளும் எதுவுமே பெறாத இருபது வீடுகளும் சேர்ந்தால் சராசரி ஐம்பது என்று வரும். அறிக்கையில் அது நன்றாகவே இருக்கும். எனவே இலக்கைக் குக்கிராமம் வாரியாகத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு குக்கிராமத்திலும் கருவியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் வீட்டை அளவு வீடாகப் பெயர் குறித்து வைக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில் கேபிள் கொண்டுசெல்வது கடினம் என்பது உண்மை. அங்கே கோபுரத்திலிருந்து ரேடியோ இணைப்போ செயற்கைக்கோள் இணைப்போ தேவைப்படலாம். அதற்காக அங்குள்ள மக்களுக்கு மட்டும் இலக்கைக் குறைத்து எழுதுவது நியாயமன்று. இலக்கை எட்டுவதற்கான காலத்தை வேண்டுமானால் நீட்டிக்கலாம், அதையும் தேதியிட்டு எழுத வேண்டும்.

தாமதம், தடை, விலை

செயற்கைக்கோளைப் பற்றிச் சொல்லும்போதே தாமதத்தையும் சொல்லிவிட வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமிக்ஞை அங்கே ஏறி இறங்கவே கால் நொடி ஆகிறது; கேள்வி போய்ப் பதில் வர அரை நொடி. பதிவிறக்க வேகம் எவ்வளவு இருந்தாலும், அத்தகைய இணைப்பில் மருத்துவரும் நோயாளியும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் இந்தச் சிக்கல் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 மைக்ரோ நொடிதான் எடுத்துக்கொள்கிறது என்பதால், மாநிலத்துக்குள் இருக்கும் சர்வருக்குப் போய்வர 50 மில்லி நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்று தாராளமாக எழுதலாம்.

தடையின்மையை விழுக்காட்டில் எழுதினால் அது மக்களுக்குப் புரியாது, மணிக்கணக்கில் எழுதுங்கள். 99 விழுக்காடு என்பது முப்பது நாள் மாதத்தில் ஏழு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் இணையம் நிற்கலாம் என்று பொருள். 95 விழுக்காடு என்றால் முப்பத்தாறு மணி நேரம். மின்வெட்டால் நின்ற நேரத்தையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும். ஊராட்சியில் உள்ள கருவிக்கு யுபிஎஸ் பேட்டரியை நல்ல நிலையில் வைத்திருப்பதும் சேவையின் ஒரு பகுதிதான். கேபிள் அறுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டும் ஜேசிபியும், சாலை விரிவாக்கமும் கேபிளை அறுப்பது அன்றாட நிகழ்வு. மின்கம்பங்கள் வழியே கேபிள் செல்லும் ஊர்களில் புயலும் கணக்கில் வர வேண்டும்; 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விலைக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. தொடக்கநிலை இணையக் கட்டணம் மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஐநாவின் பிராட்பேண்ட் ஆணையம் இலக்கு வைத்தது. அவர்கள் நாட்டின் தனிநபர் வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நீங்கள் உங்கள் ஊரின் கூலிக் குடும்பத்தை வைத்துக் கணக்கிடுங்கள். மாதம் 12,000 ரூபாய் வரும் குடும்பத்துக்கு அது 240 ரூபாய். அந்த விலையில் 25 மெகாபிட் கிடைக்கவில்லை என்றால், அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை இலக்கு எட்டப்படவில்லை. தரவு வரம்பு தாண்டியதும் வேகம் எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அளக்கும் முறை

அளவீடு ஒழுங்காக இல்லாவிட்டால் ஆபரேட்டர் அதை ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்: "உங்க வைஃபைதான் பிரச்சினை." பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, இரண்டு சுவர்களைத் தாண்டிப் போகும்போது வேகத்தில் கணிசமான பகுதியைத் தொலைத்துவிடக்கூடும். அதனால் மோடத்தின் பின்புறம் உள்ள போர்ட்டிலிருந்து லேன் கேபிளை நேராக மடிக்கணினிக்குச் செருகி அளக்க வேண்டும். கேபிள் பழையதாக இருந்து அதற்குள் உள்ள நான்கு இணைக் கம்பிகளில் இரண்டுதான் வேலை செய்கின்றன என்றால், எவ்வளவு பெரிய இணைப்பானாலும் 100 மெகாபிட்டுக்கு மேல் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். அளக்கும் அந்த இரண்டு நிமிடம் வீட்டின் மற்றக் கருவிகளை அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

காலை, நண்பகல், இரவு எட்டிலிருந்து பத்துக்குள் என நாளுக்கு மூன்று முறை, ஒரு முழு வாரம் அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவை விடவே கூடாது. சேவை நிறுவனத்தின் சொந்தச் சோதனைப் பக்கத்தில் அளந்தால், அந்நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே சுற்றி வந்து நல்ல எண்ணாகத்தான் காட்டும். வெளியில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, வாரம் முழுவதும் அதையே வைத்து அளவிடுங்கள். கைபேசி இணையத்துக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலி இருக்கிறது. தேதி, நேரம், வீடு, எடுத்திருக்கும் திட்டத்தின் வேகம், பதிவிறக்கம், பதிவேற்றம், தாமதம் என ஏழு கட்டங்கள் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான்கு குக்கிராமங்களில் ஐந்தைந்து வீடுகள் என்றால் ஒரு வாரத்தில் 420 அளவுகள் சேரும். பள்ளி மாணவர்கள் ஆர்வத்தோடு செய்துவிடுவார்கள்.

கிடைத்த எண்களின் சராசரியை எடுக்காதீர்கள். நெரிசல் நேர அளவுகளை மட்டும் தனியாகப் பிரித்து, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, கீழிருந்து பத்தில் ஒரு பங்கு தள்ளி நிற்கும் எண்ணைப் பாருங்கள். பத்து முறை அளந்தால் ஒன்பது முறையாவது கிடைக்கும் வேகம் அதுதான். இலக்கோடு ஒப்பிட வேண்டியதும் அதைத்தான்.

தீர்மானமாக எழுதுதல்

இத்தனையும் கையில் இருந்தால் தீர்மானத்தின் வாசகம் தானாக அமைந்துவிடும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "இவ்வூராட்சியின் ஒவ்வொரு குக்கிராமத்திலும், கடைசி வீடு உட்பட, இணைப்புப் பெற்ற எல்லா வீடுகளிலும், இரவு 7 மணி முதல் 10 மணி வரை, லேன் கேபிள் வழியாக அளக்கும்போது, பத்தில் ஒன்பது முறை 25 மெகாபிட் பதிவிறக்கமும் 5 மெகாபிட் பதிவேற்றமும் கிடைக்க வேண்டும். தாமதம் 50 மில்லி நொடிக்கு மிகாமலும், மாதத் தடை 7 மணி நேரத்துக்கு மிகாமலும், தொடக்கநிலைக் கட்டணம் 240 ரூபாய்க்கு மிகாமலும் இருக்க வேண்டும். பள்ளிக்கு இரு திசையிலும் 100 மெகாபிட் வேண்டும். ஊராட்சிக்கான கொள்ளளவில் 70 விழுக்காடு நிரம்பினால் மூன்று மாதத்துக்குள் உயர்த்த வேண்டும். இணைப்பே எட்டாத குக்கிராமங்களின் பெயரும் அவற்றுக்கான இறுதித் தேதியும் பின்னிணைப்பில் தரப்பட்டுள்ளன."

கிராம சபைத் தீர்மானம் ஒரு தனியார் நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்திவிடாது. ஆனால் ஊராட்சியும் அரசு நிலையங்களும் எடுக்கும் இணைப்புகளின் ஒப்பந்தத்தில் இதே வரிகளைச் சேர்க்குமாறு கேட்கலாம். ஊராட்சிக் கட்டடத்தில் கருவி வைக்க இடம் கேட்டு வரும் ஆபரேட்டரிடம் இதை முன்வைத்துப் பேசலாம். வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கும்போது வெறும் குறையாக இல்லாமல் அளவுகளோடு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மே, நவம்பர் கூட்டங்களுக்கு முந்தைய மாதத்தில் ஒரு வாரம் அளந்து, குக்கிராமம் வாரியான எண்களைக் கூட்டத்தில் வாசித்து, அதை நடவடிக்கைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வீட்டுக்கான 25 மெகாபிட் என்ற எண்ணை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டு, தேவை கூடியிருந்தால் கூட்டி எழுதுங்கள்.